அதிர்வுத் துணைக்குழு

2016 மே 22, ஞாயிற்றுக்கிழமை, ஒசாகா மாகாணம் சாக்காய் நகரில், வகாகுசா குடியிருப்பின் மூன்றாம் கட்டடச் சங்கம், வீட்டுக்குள் அதிரும் பொருள்கள் பற்றிய விதியைத் தன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேற்றியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். மற்ற வீடுகளின் ஓட்டுகள் ஒப்படைப்புச் சீட்டுகளாகத் தலைவரின் கையில் இருந்தன.

அந்தச் சீட்டுகளில் ஒன்று நிஷிவாகி கெங்கோவுடையது. நிஷிவாகி குடும்பப் பெயர், கெங்கோ அவர் பெயர். அப்போது அவர் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர் விழிக்குமுன் கிளம்பி, ஊர் படுக்குமுன் படுத்துவிடுகிற ஆள். ஒவ்வொரு மே மாதமும் தபால் பெட்டியில் சங்கத்தின் சீட்டு வந்து விழும். கூட்டத்துக்கு வர முடியாதவர் தன் ஓட்டை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லும் சீட்டு அது. ‘இன்னார்’ என்பதற்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின்மேல் யார் பெயரையும் எழுதலாம். காலியாக விட்டால் ஓட்டு தலைவரைச் சேரும் என்பது விதி. காலியாகத்தான் விட வேண்டும் என்பது விதியைவிடப் பெரிய வழக்கம். ஒரு பெயரை எழுதிவைப்பது தலைவரின் முகத்துக்கு நேரே குடையை விரிப்பதற்குச் சமம். கெங்கோ ஒவ்வோர் ஆண்டும் தன் பெயர் முத்திரையில் மை தொட்டு, கையெழுத்துக்குப் பதிலாகச் சீட்டின் மூலையில் குத்தி, லாரி ஏறப் போய்விடுவார்.

தன் வீட்டுக்குள் எது அதிரலாம், எது அதிரக் கூடாது என்று சொல்லும் உரிமையைத் தன் கையாலேயே குத்திக் கொடுத்திருக்கிறோம் என்பது ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

2017 இலையுதிர் காலத்தில் கெங்கோ ஓய்வுபெற்றார். தொழிற்சாலை ஒரு பூங்கொத்து கொடுத்தது. முதுகுவலியை முன்பே தவணை தவணையாகக் கொடுத்து முடித்திருந்தது. ரொட்டித் தட்டுகளைத் தூக்கித் தூக்கி, ஓட்டுநர் இருக்கையில் குலுங்கிக் குலுங்கி, அவருடைய முதுகு ஒரு நாள் காலையில் குனிய மறுத்தது. அன்றிலிருந்து அவருக்குக் காலுறை மாட்டிவிடும் வேலை மனைவி சாயோகோவுக்கு வந்தது. அவள் பேரங்காடியில் பலகாரப் பிரிவில் பகுதி நேரமாகப் பொரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நுழைவாயிலில் மண்டிபோட்டு அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வாள்.

“முப்பது வருஷமா ஊருக்கே சோறு போட்ட மனுஷன். இப்ப உங்களுக்கு ஒரு காலுறை போட ஆள் வேணும். இன்னும் கொஞ்ச நாள்ல பல்லும் நான்தான் தேய்ச்சுவிடணும்போல.”

“பல்லு நானே தேய்ச்சுக்கறேன். அது மேலதான இருக்கு” என்றார் கெங்கோ.

மருத்துவர் படம் பிடித்துப் பார்த்து, வெட்டிச் சரிசெய்ய ஒன்றுமில்லை, வயதுதான் என்றார். ஓய்வூதியத் தொகை வந்ததும் கணவனும் மனைவியும் ரயில் நிலையத்தருகே இருந்த பெரிய மின்சாதனக் கடைக்குப் போய், மசாஜ் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்று கெண்டைக்காலைப் போலீஸ்காரர் போலப் பிடித்தது. இன்னொன்று பாட்டுப் பாடியது. மூன்றாவது சின்னது, கோதுமை நிறம், பேச்சுமூச்சில்லாமல் வேலை பார்த்தது. அதிலிருந்து எழுந்த கெங்கோ கடை நடுவே நின்று மெல்லக் குனிந்தார். விரல் நுனி தன் காலுறையைத் தொட்டது.

“சாயோகோ! தொட்டுட்டேன்!”

“கத்தாதீங்க. விலை ஏறிடும்.” அவள் உடனே விற்பனைப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “இந்தாம்மா, எங்க வீட்டுக்காரருக்கு இது அவ்வளவா பிடிக்கல. ஆனா நீ கொஞ்சம் குறைச்சா நான் எடுத்துச் சொல்றேன்.”

விலை குறைந்தது. கெங்கோ அன்றைக்கே பணம் கட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை. வீட்டில் இடத்தை அளந்துவிட்டு மறுநாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்பினார்கள். திரும்பும்போது மின்தூக்கியில் சங்கத்தின் துணைத்தலைவர் உசுய் இருந்தார். கெங்கோ சந்தோஷத்தில் இருந்தார். சந்தோஷத்தில் இருப்பவர் மின்தூக்கியில் வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் சங்கத் தலைவர் தொமிநாகா நின்றார். குள்ளமான, துப்புரவான மனிதர். மாகாண வடிகால் அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வடிகாலில் எதுவும் விரைவாகப் போனால் விபத்து என்ற பாடத்தை அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். அவருக்கு ஓர் அடி பின்னால் உசுய் நின்றார்.

“நிஷிவாகி-சான், ஒரு நல்ல சேதி கேள்விப்பட்டேன். முதல்ல வாழ்த்துகள்” என்று வளைந்து வணங்கினார் தலைவர்.

“நன்றி, தலைவரே. உள்ள வாங்க.”

“இல்ல, இங்கயே நிக்கறேன். கதவுக்கு வெளிப்பக்கம் சங்கத்தோட சொத்து, உள்பக்கம் உங்களோடது. நம்ம சொத்துல நின்னு பேசறதுதான் எனக்கு வசதி.” கதவின் வெளிப்பூச்சை அன்போடு தடவினார். “நாற்காலி உங்க வீட்டுக்குள்ள இருக்கும். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. அதிர்வு இருக்கே, அது உங்க வீட்டுக்குள்ள இருக்குமா? தரை வழியா இறங்கும். தரையோட நடுப்பகுதி யாருது?”

கெங்கோ குனிய முடியாமல் தரையைப் பார்த்தார்.

“எல்லாருதும்” என்றார் உசுய், பின்னாலிருந்து.

“நாங்க வேண்டாம்னு சொல்லல” என்றார் தலைவர். “இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவகூட யாருக்கும் வேண்டாம்னு சொன்னதில்ல. அது எங்க பெருமை. பரிசீலிப்போம்.”

பரிசீலிக்க ஒரு துணைக்குழு இருந்தது. விதி வந்த நாளிலிருந்தே இருந்தது. அதிர்வதற்கு எதுவும் வராததால் வேலை இல்லாமல் இருந்தது. தலைவர், உசுய், மேலும் இரண்டு பேர். ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழ்த்தளக் கூட்ட அறையில் கூடி, அதிர்வு ஒன்றும் இல்லை என்று பதிவு செய்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். கெங்கோவின் முதுகு அவர்களுக்கு மழையாக வந்து சேர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை கெங்கோ இரும்பு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குச் சின்னதாக ஒரு கோதுமை நிற நாற்காலி வேண்டும் என்று சொன்னார். உசுய் கண்ணை மூடி, தலையைத் தாழ்த்தி, சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். கெங்கோ பேச்சை நிறுத்தினார்.

“சொல்லுங்க, சொல்லுங்க” என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். “உசுய்-சான் கேட்டுட்டுத்தான் இருக்கார். ரொம்ப உழைக்கிறவர்.”

கூட்டத்தில் தூங்குகிறவரை எழுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அசதியை வீட்டில் வைத்துவிட்டு வராமல் கூட்டத்துக்கே கொண்டுவந்திருக்கிறார் என்றால், அவருடைய உழைப்புக்கு அதுவே சாட்சி. பதிவேட்டில் ‘துணைத்தலைவர் கண்மூடிக் கவனித்தார்’ என்று எழுதினார்கள். எழுப்பினால்தான் அவமானம், எழுப்பியவருக்கு.

துணைக்குழுவின் முதல் முடிவு, பொருளை நேரில் பார்ப்பது. மறுவாரம் நால்வரும் பச்சைக் கைப்பட்டை கட்டிக்கொண்டு கெங்கோவோடு கடைக்குப் போனார்கள். திருட்டுப் பயம் உள்ள மாதங்களில் குடியிருப்பைச் சுற்றி வரும்போது கட்டுகிற பட்டை அது. துணைக்குழுவுக்கென்று தனிப் பட்டை இன்னும் ஒப்புதலாகவில்லை.

“எந்த முதியோர் மன்றத்துலேர்ந்து வந்திருக்கீங்க?” என்று வாய் நிறையச் சிரித்தாள் விற்பனைப் பெண்.

“நாங்க ஆய்வுக்கு வந்திருக்கோம்” என்றார் தலைவர்.

கெங்கோ கோதுமை நிற நாற்காலியைக் காட்டினார். நால்வரும் தலையை ஆட்டிவிட்டு அதைக் கடந்து போனார்கள். எல்லா நாற்காலிகளையும் சோதித்தால்தான் ஒன்று தேவலையா என்று சொல்ல முடியும் அல்லவா? முதலில் தலைவர் காலணியைக் கழற்றி உட்கார்ந்தார். அவர் எழுந்ததும் துணைத்தலைவர், பிறகு மற்ற இருவர். விண்ணப்பதாரர் என்ற முறையில் கெங்கோ கடைசியாக நின்றார். அவர் முறை வரும்போது அடுத்த நாற்காலியில் தலைவர் உட்கார்ந்துவிடுவார். தலைவர் ஒன்றில் இருக்கும்போது மற்றவர் வேறொன்றில் உட்காருவது அழகல்ல. ஆகவே கெங்கோ எதிலும் உட்காரவில்லை.

கடையின் மூலையில் பெரிய கறுப்பு நாற்காலி ஒன்று இருந்தது. உட்காருகிறவரின் தோளை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. தலைவர் அதில் சாய்ந்தார். அது ஒரு முறை முனகி, அவரை அளந்து, உள்வாங்கிக்கொண்டது. வெகுநேரம் அவர் எழவில்லை.

“நான் இதுல எனக்காக உக்காரல” என்றார், அதிர்ந்த குரலில். “எழுபது சொச்சம் குடும்பங்களோட சார்பா உக்காந்திருக்கேன். தனி மனுஷனா இருந்தா எப்பவோ எழுந்திருப்பேன்.”

“பொறுப்புன்னா அதுதான், தலைவரே” என்றார் உசுய்.

“நிஷிவாகி-சான், உங்க விருப்பம்தான் முக்கியம். எது வேணாலும் வாங்கலாம். இது மட்டும் குழு ஏற்கெனவே சோதிச்ச பொருள்னு ஆயிடும், அவ்வளவுதான். அந்தச் சின்னதை எடுத்தீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து வரணும். எங்களுக்கு அலைச்சல் இல்ல, உங்களுக்குத்தான்.”

கறுப்பு நாற்காலி கோதுமை நிறத்தைப்போல இரண்டு மடங்கு விலை. கெங்கோ விற்பனைப் பெண்ணைப் பார்த்தார். அவள் கைப்பட்டைகளைப் பார்த்தாள். அவர் பணம் கட்டினார்.

இரவுச் சாப்பாட்டின்போது சாயோகோ மீனின் முள்ளை எடுத்தபடி கேட்டாள்.

“அந்த ஆளு அதுல உக்காந்தப்ப எப்படி இருந்துது?”

“பொருத்தமா இருந்துது.”

“யாருக்கு?”

கெங்கோ மிசோ சூப்பைக் குடித்தார்.

நாற்காலியை இரண்டு ஆட்கள் கொண்டுவந்தபோது, தலைவர் கீழ்வாசலில் நின்று அவர்களைக் கூட்ட அறைக்குத் திருப்பிவிட்டார். அனுமதி கிடைக்காமல் வீட்டுக்குள் வைக்க முடியாது. சோதிக்காமல் அனுமதி கொடுக்க முடியாது. வீட்டில் வைத்துச் சோதித்தால் அது பயன்படுத்தியதாகிவிடும். எனவே சோதனை கூட்ட அறையில்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் குழு கூடியது. ஒருவர் நாற்காலியில் உட்கார, மற்றவர் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கறுப்பு நாற்காலி வந்தபின், குழுவுக்கு ஆட்பஞ்சம் என்ற பேச்சே போயிற்று. நடைபாதை விளக்குக் குழுவும் மிதிவண்டி நிறுத்தக் குழுவும், தங்களுக்கும் அதிர்வில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக் கூட்டுக் கூட்டம் கேட்டன. குளிர்காலம் முழுக்கச் சோதித்தார்கள். கெங்கோ மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பதாரரே உட்கார்ந்தால் முடிவு ஒருபக்கமாகிவிடும்.

ஜனவரிக் கடைசியில் தலைவர் முடிவை வாசித்தார்.

“கீழே உள்ளவர்களுக்குப் பாதிப்பு, எதுவுமில்லை.”

கெங்கோ எழுந்தே விட்டார், முதுகைப் பிடித்தபடி. “அப்ப எடுத்துட்டுப் போகலாமா?”

“கொஞ்சம் பொறுங்க. இந்த அறைக்குக் கீழ யார் இருக்கா?”

“யாருமில்ல. மண்ணு.”

“அதான். மண்ணுக்குப் பாதிப்பில்லன்னு நிரூபிச்சிருக்கோம். இது ஆரம்பம். நீங்க நாலாவது மாடி. மூணாவது மாடியில மினோகுச்சி-சான் இருக்காங்க. மண்ணோட கருத்தை மினோகுச்சி-சான் மேல ஏத்த முடியாதில்லையா?”

அடுத்த சனிக்கிழமை குழு கெங்கோவோடு மினோகுச்சியின் வீட்டுக்குப் போனது. எண்பது வயதைத் தாண்டிய, தனியாக இருக்கும் பெண்மணி. எல்லோரையும் உட்காரவைத்து, தேநீர் ஊற்றி, கைப்பையில் இருந்து ஆளுக்கொரு மிட்டாய் எடுத்துக் கையில் திணித்தார். மேல்மாடியில் கெங்கோவின் வரவேற்பறையில் உசுய் நின்று, நாற்காலிக்குப் பதிலாக, வானொலி இசைக்கேற்பக் குதிக்கும் உடற்பயிற்சி செய்தார். கீழே தலைவர் ஒரு நாற்காலியில் ஏறி, தேநீர்க் கோப்பையைக் கூரையில் கவிழ்த்துக் காதை ஒட்டினார்.

“மினோகுச்சி-சான், மேலே ஏதாவது தொந்தரவு தெரியுதா?”

“என்ன தொந்தரவு?”

“சத்தம், அதிர்வு.”

“ஒண்ணும் கேக்கலையே” என்றார் மினோகுச்சி, குறைபட்டுக்கொள்வதைப்போல. “கெங்கோ-சான் லாரி ஓட்டினப்ப விடியக்காலைல எந்திரிச்சுத் தடதடன்னு நடப்பாரு. சரி, மேல ஆளு இருக்குன்னு நானும் எந்திரிப்பேன். இப்ப அந்தச் சத்தமும் போச்சு. நாற்காலி வருதுன்னாங்க, கொஞ்சமாவது கேக்கும்னு நினைச்சேன். நல்ல சத்தமான மாடலா வாங்கச் சொல்லுங்க, தலைவரே.”

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். “கேட்டீங்களா, நிஷிவாகி-சான்? அவங்களுக்குத் தொந்தரவு இருக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறாங்க.”

“தொந்தரவு வேணும்னுதான சொன்னேன்!” என்றார் மினோகுச்சி.

“எவ்வளவு பெருந்தன்மை” என்று தலைவர் ஆழமாக வணங்கினார். “இப்படி ஒருத்தரோட பொறுமையைச் சங்கம் சுரண்டக் கூடாது.”

முடிவு பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. அதுவரை சோதனை தொடரும்.

அன்று இரவு சாயோகோ காலுறையைக் கழற்றிவிட்டு மடித்து வைத்தாள். பிறகு அவருடைய பாதத்தைத் தட்டிவிட்டாள்.

“வருஷா வருஷம் ஒரு சீட்டு வருமே, அதுல யார் பேரை வேணா எழுதலாமா?”

“எழுதலாம். யாரும் எழுத மாட்டாங்க.”

“ஏன்?”

“ஏன்னா, யாரும் எழுத மாட்டாங்க.”

மே மாதம் சீட்டுகள் தபால் பெட்டிகளில் விழுந்த அன்று, சாயோகோ பேரங்காடியில் மாலையில் பாதிவிலைச் சீட்டு ஒட்டிய கொரோக்கேக்களை, உருளைக்கிழங்கை மசித்துப் பொரித்த வடைகளை, மொத்தமாக வாங்கிக்கொண்டு மேல்மாடியிலிருந்து தொடங்கினாள். கதவைத் தட்டுவாள். சூடு ஆறாத பொட்டலத்தை நீட்டுவாள். முதலில் கொரோக்கே, அப்புறம் குழந்தைகளின் படிப்பு, அப்புறம் மழை, எல்லாம் முடிந்து செருப்பைப் போடும்போதுதான் சீட்டு.

“எப்படியும் கூட்டத்துக்குப் போக மாட்டீங்க. அந்தக் கோட்டுல எங்க வீட்டுக்காரர் பேரை எழுதிடுங்களேன். பாவம், முதுகு.”

“தலைவர் தப்பா நினைச்சுக்க மாட்டாரா?”

“உங்க பேரு அதுல ஓரமா இருக்கப்போவுது, எங்க பேரு நடுவுல இருக்கப்போவுது. நினைச்சா எங்களைத்தான் நினைப்பாரு. சாஸ் ஊத்திச் சாப்பிடுங்க.”

மூன்றாம் மாடியில் மினோகுச்சி இரண்டு முறை முத்திரை குத்தினார், ஒன்று தெளிவாக விழாது போனால் என்ன செய்வது என்று. ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டுக்காரர், ஓட்டப்பயிற்சி இயந்திரம் வாங்கும் ஆசையை இந்த விதிக்குப் பயந்து இரண்டு ஆண்டுகளாக வெளியே சொல்லவே இல்லை என்று நடைவழியை இரு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு வாரத்தில் கட்டடத்தின் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் ஒரு கொரோக்கே டப்பாவுக்குள் வந்து சேர்ந்தன. தொமிநாகா தலைவரான நாளில் இருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

“விதியைத் தூக்கணும்னு சொல்லுங்க. கையைத் தூக்குங்க. நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க” என்றாள் சாயோகோ. ஞாயிறன்று அவளுக்கு வேலை. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் கூட்டத்தில் உட்காரலாம் என்றும் விதி.

“மூணையும் தூக்க முதுகு வேணுமே” என்றார் கெங்கோ.

2018 மே 27 அன்று கூட்டம் தொடங்கியது. கெங்கோ டப்பாவைத் திறந்து சீட்டுகளை மேசையில் வைத்தார். சீட்டுகளில் லேசாக எண்ணெய் இருந்தது. தலைவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறவில்லை. எழுந்து, கெங்கோவை நோக்கி, முன்பு வணங்கியதைவிடத் தாழ்வாக வணங்கினார்.

“இன்னிக்கு இந்தச் சங்கத்தோட மனசு நிஷிவாகி-சான் கையில இருக்கு. அவரைக் கேக்காம ஒரு புல்லும் அசையாது.”

அது வெறும் வார்த்தையல்ல. நிகழ்ச்சி நிரலில் கெங்கோவின் கோரிக்கை கடைசியாக இருந்தது. அதற்கு முன்னால் வாசல் விளக்கு, புறாத் தொல்லை, குப்பைக் கூடத்தின் வலை, தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் தலைவர் பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

“புறா பத்தி நிஷிவாகி-சான், தன் குடும்பங்களோட சார்பா, என்ன நினைக்கிறார்?”

கெங்கோவுக்குப் புறா பற்றி எந்த நினைப்பும் இல்லை. “இருக்கட்டுமே” என்றார் முதலில். இருக்கட்டும் என்றால் எத்தனை இருக்கட்டும் என்று கேட்டார்கள். அடுத்த முறை, “எல்லாரும் என்ன நினைக்கிறாங்களோ” என்றார். எல்லாரும் இன்று அவர்தான் என்றார்கள். வலை பற்றிக் கேட்டபோது அவர் வாயிலிருந்து தானாக ஒரு சொல் வந்தது.

“பரிசீலிப்போம்.”

அறை முழுவதும் தலையாட்டியது. தலைவர் அவரை முதன்முறையாக ஒரு சகோதரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கெங்கோவுக்குக் காது சூடானது. ஒரு கணம் அது நன்றாகவும் இருந்தது.

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் கை தூக்க வேண்டியிருந்தது. இரும்பு மடக்கு நாற்காலியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டிக்காகக் கையைத் தூக்கியபோது முதுகில் ஏதோ பூட்டிக்கொண்டது. கை மேலேயே நின்றது. முகம் சாம்பலானது.

“ஐயையோ” என்று தலைவர் எழுந்தார். நடிப்பில்லை, உண்மையாகவே பதறினார். “நாம இத்தனை பேர் இருந்து, அவரைப் போய் இரும்புல உக்கார வச்சிருக்கோமே! உசுய்-சான், பிடிங்க. அவரை அந்த நாற்காலில உக்கார வைங்க.”

“விண்ணப்பதாரர் உக்காரக் கூடாதே” என்றார் கெங்கோ பல்லைக் கடித்தபடி.

“இப்ப நீங்க விண்ணப்பதாரர் இல்ல. பெரும்பான்மை.”

இருவரும் தாங்கிக்கொண்டுபோய்க் கறுப்பு நாற்காலியில் சாய்த்தார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு, தான் பணம் கொடுத்து வாங்கிய நாற்காலியில் கெங்கோ முதன்முறையாக உட்கார்ந்தார். தலைவர் தானே பொத்தானை அழுத்தினார். நாற்காலியின் நினைவில் தலைவரின் உடல்தான் இருந்தது. அவருடைய தோளுக்கென்று அது வைத்திருந்த முஷ்டி, உயரமான கெங்கோவின் முதுகுக்கு நடுவில், வலி பூட்டிக்கொண்ட இடத்திலேயே வந்து விழுந்தது. அளவு தப்பு. இடம் சரி. பூட்டு மெல்லத் திறந்தது. தூக்கிய கை தானாக இறங்கி மடியில் கிடந்தது. கூட்டம் தூரத்தில் கேட்கும் ரயில்போல ஆயிற்று. ரொட்டி லாரியின் இருக்கையில் அவர் தூங்கியதில்லை. அந்த முப்பது ஆண்டுத் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவரை எடுத்துக்கொண்டது.

“அடுத்தது, அதிர்வு விதியை நீக்கணும்னு நிஷிவாகி-சானோட கோரிக்கை” என்றார் தலைவர். “சொல்லுங்க, நிஷிவாகி-சான்.”

நாற்காலி மட்டும் முனகியது. கெங்கோவின் தலை தாழ்ந்திருந்தது.

சீட்டைக் கொடுத்திருந்தும் வேடிக்கை பார்க்க வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்த மினோகுச்சி எழுந்தார். “கெங்கோ-சான்! உங்க பேச்சுதான் வருது!”

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார். “அவரு கண்ணை மூடிக் கவனிச்சிட்டிருக்கார், மினோகுச்சி-சான். எவ்வளவு அலைஞ்சிருப்பார் பாருங்க.”

மினோகுச்சி கைப்பையில் இருந்து ஒரு மிட்டாயை எடுத்து கெங்கோவை நோக்கி எறிந்தார். அது உசுய்யின் மேல் பட்டது. உசுய்யும் கவனித்துக்கொண்டிருந்ததால் அசையவில்லை.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “கோரிக்கை வச்சவருக்கு மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்ல. அவரோட அமைதியை நாம மதிக்கணும். கோரிக்கை திரும்பப் பெறப்பட்டதா எடுத்துக்கலாமா? மறுப்பு உண்டா?”

பெரும்பான்மையிடம் மறுப்பு இல்லை.

“கடைசியா ஒண்ணு. இது நிரலில் இல்ல, மனசுல தோணுது. ஏழு மாசமா நாம இந்த நாற்காலியைச் சோதிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம். இந்தக் கட்டடத்துல இது யாருக்கும் தொந்தரவு கொடுக்காத இடம் ஒண்ணே ஒண்ணுதான். இந்த அறை. கீழ மண்ணு இருக்கறதால. ஒருத்தர் வீட்டுல இருந்தா ஒரு முதுகு சரியாகும், ஒரு கூரை அதிரும். இங்கயே இருந்தா எல்லா முதுகும் சரியாகும், ஒரு கூரையும் அதிராது. நிஷிவாகி-சான் இதைச் சங்கத்துக்குக் கொடுத்தார்னு வச்சுக்குவோம். அவர் தன்னடக்கமானவர், தானா சொல்ல மாட்டார். அவரோட முகத்தைப் பாருங்க. இதைவிட ஒரு சம்மதம் வேணுமா? மறுப்பு உண்டா?”

எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். அப்படி ஒரு நிம்மதியை அந்த அறை எந்தத் தீர்மானத்துக்கும் கண்டதில்லை. யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டலில் உசுய் விழித்து, தானும் தட்டினார். அதன் பிறகு கெங்கோ விழித்தார். எல்லோரும் தன்னைப் பார்த்துத் தட்டுவதைக் கண்டு, தன் தீர்மானம் ஜெயித்துவிட்டது என்று நினைத்து, எழுந்து நின்று ஆழமாக வணங்கினார். முதுகு வலிக்கவே இல்லை.

மாலையில் சாயோகோ எண்ணெய் வாசனையோடு வந்தாள். வரவேற்பறையில் நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகவே இருந்தது.

“என்ன ஆச்சு?”

“ஒருமனதா நிறைவேறிடுச்சு.”

“எது?”

கெங்கோ சொன்னார். சாயோகோ கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நுழைவாயில் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

“தூங்கறப்ப முதுகு எப்படி இருந்துது?”

“அருமையா இருந்துது” என்றார் கெங்கோ.

நாற்காலி மூன்றாம் கட்டடத்தின் கூட்ட அறையில் இருக்கிறது. பக்கத்தில் கெங்கோவின் பெயர் பொறித்த சிறு பித்தளைத் தகடு உண்டு. வீடுகளுக்கு முறை போட்டிருக்கிறார்கள். நிஷிவாகி வீட்டின் முறை மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை. மினோகுச்சி தன் முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க விண்ணப்பித்தார். அது பரிசீலனையில் இருக்கிறது. இரண்டாவது வியாழக்கிழமைக்கு மறுநாள் கெங்கோ தன் காலுறையைத் தானே போட்டுக்கொள்கிறார். மற்ற நாட்களில் சாயோகோ போட்டுவிடுகிறாள்.